மாயக்காட்சிப் போதைப்பொருள்களும் ‘உண்மையைக் கண்டேன்’ என்ற உறுதியும்

கார்முகில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எல்.எஸ்.டி., சைலோசைபின் காளான், மெஸ்கலின் போன்ற மாயக்காட்சி தரும் பொருள்களைப் பற்றித் தமிழில் தேடினால் இரண்டு வகை எழுத்துகளே கிடைக்கின்றன. ஒன்று காவல்துறைச் செய்தி: இத்தனை பேர் கைது, இத்தனை ஸ்டாம்ப் (எல்.எஸ்.டி. ஊறிய சிறு தாள்) பறிமுதல். மற்றொன்று, ஒரே இரவில் வாழ்க்கையின் பொருளை உணர்ந்துவிட்டதாகச் சொல்லும் அனுபவக் கட்டுரை. மனத்துக்குள் நடப்பது என்ன என்பதைப் பொறுமையாக விளக்கும் எழுத்து இவ்விரண்டுக்கும் நடுவே எனக்கு அகப்படவில்லை.

என் கேள்வி குறுகியது. இவற்றை உட்கொண்டவர்களிடம் பேசும்போது, அவர்கள் கண்ட நிறங்களையும் வடிவங்களையும் விட, கண்டது உண்மை என்பதில் அவர்களுக்கு இருக்கும் உறுதியே என்னை வியக்க வைக்கிறது. கனவு கண்டு விழித்தவர் அது கனவு என்கிறார். இவர்களோ போதை தெளிந்து பல மாதங்கள் கழிந்த பின்னும், அன்றாட உலகை விட அதுவே மெய்யானது என்கிறார்கள். இந்த உறுதி எங்கிருந்து வருகிறது? அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

எங்கே கிடைக்கும், எவ்வளவு எடுக்கலாம் என்ற வகைப் பதிவுகள் இந்த இழையில் வேண்டா என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேதிவள்ளி எழுதியது:

கார்முகில், மருந்தியல் படித்தவள் என்ற முறையில் முதலில் வகைகளைப் பிரித்துவிடுகிறேன். மாயக்காட்சி தருபவை என்ற ஒரே பெயரின் கீழ், ஒன்றோடொன்று உறவில்லாத மூன்று குடும்பங்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. எல்.எஸ்.டி., சைலோசைபின், மெஸ்கலின், டி.எம்.டி. ஆகியவை, நரம்பணுக்கள் தமக்குள் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்றான செரட்டோனின் வழியே வேலை செய்பவை. கெட்டமின், பி.சி.பி. ஆகியவை அத்தகைய மற்றொரு வேதிப்பொருளான குளூட்டமேட்டுக்குரிய என்.எம்.டி.ஏ. ஏற்பியை, அதாவது அது வந்து ஒட்டும் இடத்தை, அடைப்பவை. மூன்றாவது குடும்பம் நம் வேலியோரத்திலேயே வளர்கிறது. சிவபெருமான் சூடும் ஊமத்தை அது. அதிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபொலமினும் அசிட்டைல்கோலின் ஏற்பிகளை அடைத்து முழுச் சித்தப்பிரமையை உண்டாக்குகின்றன, உயிரையும் வாங்கிவிடும்.

இந்தப் பிரிவினை உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஊமத்தை உண்டவர் அருகில் இல்லாத ஆளோடு பேசிக்கொண்டிருப்பார். அந்த ஆள் அங்கே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. எல்.எஸ்.டி. உண்டவரோ, சுவர் மூச்சுவிடுவதைப் பார்த்துக்கொண்டே, இது மருந்தின் வேலை என்று சொல்லக்கூடியவர். நடந்தவை அவருக்குத் தெளிவாக நினைவிலும் இருக்கும். சுவரைப் பற்றி ஏமாறாத அதே மனிதர் பிரபஞ்சத்தைப் பற்றி மட்டும் ஏன் அவ்வளவு உறுதியாகப் பேசுகிறார் என்பதே உண்மையில் விளக்கம் வேண்டும் புதிர்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1938-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் நிறுவன ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன், ரை போன்ற தானியங்களைப் பற்றும் எர்காட் பூஞ்சையின் வேதிப்பொருள்களிலிருந்து சுவாசத்தையும் இரத்த ஓட்டத்தையும் தூண்டும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் 25-ஆவதாகப் பிறந்ததுதான் எல்.எஸ்.டி. பயனில்லை என்று ஒதுக்கப்பட்ட அதை 1943 ஏப்ரலில் அவர் மீண்டும் தயாரித்தபோது, தற்செயலாக உடலில் சேர்ந்து விசித்திரமான மயக்கம் தந்தது. ஏப்ரல் 19 அன்று, மிகமிகக் குறைவு என்று எண்ணி 250 மைக்ரோகிராம், அதாவது கால் மில்லிகிராம், தாமே உட்கொண்டார். போர்க்காலம் ஆதலால் வாகனம் இன்றி மிதிவண்டியில் வீடு திரும்பினார். பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி அவர் கண்ணுக்குச் சூனியக்காரியாகத் தெரிந்தார். தாம் செத்துக்கொண்டிருப்பதாகவோ பித்துப் பிடித்துவிட்டதாகவோ அஞ்சினார். வந்து பார்த்த மருத்துவருக்கோ, கண்மணி விரிந்திருந்ததைத் தவிர வேறு கோளாறு எதுவும் அகப்படவில்லை. உடல் ஏறக்குறைய இயல்பாக இருக்க, மனம் மட்டும் தலைகீழாவது இந்தக் குடும்பத்தின் முத்திரை.

இப்பொருள்கள் பல ஏற்பிகளில் ஒட்டினாலும், மனத்தில் ஏற்படும் மாற்றத்துக்குத் திறவுகோல் 5-எச்டி2ஏ எனப்படும் செரட்டோனின் ஏற்பி. சூரிச்சில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடர் குழு 1998-இல் இதை அழகாகக் காட்டியது: அந்த ஏற்பியை அடைக்கும் கெட்டான்செரின் மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், சைலோசைபின் உட்கொண்டவருக்கு மாயக்காட்சி எழவே இல்லை. இந்த ஏற்பிகள் மூளைப் புறணியின் ஐந்தாம் அடுக்கில் உள்ள பெரிய நரம்பணுக்களில் மிகுதி. எல்.எஸ்.டி.யின் விளைவு 8 முதல் 12 மணி நேரம் நீடிப்பதற்கான காரணம் 2017-இல்தான் புலப்பட்டது. மிக நெருங்கிய உறவான 5-எச்டி2பி ஏற்பியோடு எல்.எஸ்.டி. பிணைந்த நிலையைப் படிகமாக்கிப் பார்த்தபோது, ஏற்பியின் ஒரு பகுதி மூடியாக மடிந்து மூலக்கூற்றை உள்ளேயே அடைத்து வைப்பது தெரிந்தது.

மலைக்காற்று எழுதியது:

நான் கொடைக்கானல்காரன். விவாதம் மேலே செல்வதற்கு முன் தரையிலிருந்து ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். போதைக் காளான் என்ற பெயரைக் கேட்டு எங்கள் ஊருக்கு வரும் இளைஞர்கள் கொஞ்சமல்லர். விற்பவரும் வாங்குபவரும் அவ்வப்போது கைதாவதும் செய்தியாகிறது. ஆனால் காளானை அடையாளம் காணத் தெரியாதவர் விற்க, அதுவும் தெரியாதவர் வாங்குகிறார் என்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

சிறிய பழுப்பு நிறக் காளான்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். அவற்றுள் சில இனங்களில் அமாடாக்சின் என்ற ஈரல் நஞ்சு உண்டு. அதன் கொடுமை, உண்டவுடன் ஒன்றும் தெரியாது என்பதுதான். ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தியும் பேதியும் வரும்; பிறகு தேறிவிட்டது போலத் தோன்றும்; அந்த அமைதியின் போதே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். காட்டுக் காளான் தின்று நேரம் கழித்து வயிறு கெட்டவர், தேறிவிட்டது என்று நினைத்து ஊருக்குப் பேருந்து ஏறக்கூடாது. பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். என்னிடம் சொல்வதற்கு இருப்பது இவ்வளவே. தத்துவத்தை மற்றவர்கள் பேசட்டும்.

மனநலத்துறையான் எழுதியது:

மலைக்காற்று அவர்களின் பதிவை மேலே பொருத்தி வைக்குமாறு நெறியாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கார்முகிலின் கேள்விக்கு வருகிறேன். இந்த உறுதியை உளவியல் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே குறித்து வைத்திருக்கிறது. 1902-இல் வில்லியம் ஜேம்ஸ், சமய அனுபவங்களின் இயல்புகளைப் பட்டியலிட்டபோது, ‘அறிந்துகொண்டோம்’ என்ற உணர்வை அவற்றின் முதன்மையான அடையாளங்களுள் ஒன்றாகச் சொன்னார். சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைத் தாமே முகர்ந்து பார்த்தவர் அவர். அவருக்கும் முன்னால், அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வென்டெல் ஹோம்ஸ், ஈதர் முகர்ந்தபோது தமக்குக் கிட்டிய பேருண்மையை மயக்கம் தெளியும்போதே எழுதி வைத்துக்கொண்டதாக 1870-ஆம் ஆண்டுச் சொற்பொழிவு ஒன்றில் சொன்னார். தெளிந்த பின் எடுத்துப் பார்த்தால், எங்கும் டர்ப்பன்டைன் வாடை நிறைந்திருக்கிறது என்று மட்டுமே அதில் எழுதியிருந்தது. எல்லாருடைய அனுபவமும் இப்படி வெறுமையானது என்று நான் சொல்லவில்லை. பொருள் என்னவாக இருந்தாலும், அது மகத்தானது என்ற உணர்வு தனியாக எழக்கூடும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு நிகழ்வு இதைவிட முக்கியமானது. 1962-இல் புனித வெள்ளியன்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சிற்றாலயத்தில், வால்ட்டர் பான்கே 20 இறையியல் மாணவர்களை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சைலோசைபினும் மறு பாதிக்கு, ஒப்பீட்டுக்காக, மாயக்காட்சி தராத வைட்டமினான நிக்கோட்டினிக் அமிலமும் கொடுத்தார். சைலோசைபின் பெற்றவர்களுள் பெரும்பாலோர் ஆழ்ந்த சமய அனுபவம் பெற்றார்கள் என்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அவர்களுள் ஒருவர், இறைச்செய்தியை உலகுக்கு அறிவிக்கத் தாம் தேர்ந்தெடுக்கப்பட்டதாக நம்பி வீதிக்கு ஓட, அவரைப் பிடித்துவந்து குளோர்புரோமசின் என்ற மனப்பிறழ்வு அடக்கும் மருந்தை ஊசியாகப் போட வேண்டியதாயிற்று. பான்கேயின் அறிக்கையில் இது இடம்பெறவில்லை. 1991-இல் ரிக் டாப்லின் அந்த மாணவர்களைத் தேடிப்பிடித்து எழுதிய பின்தொடர் ஆய்வில்தான் வெளிவந்தது. ஆலயத்தில் அமர்ந்து இறைவனை உணர்ந்தவருக்கும் வீதியில் ஓடியவருக்கும் இருந்தது அதே உறுதி. வெளியே நின்று பார்க்கும் நமக்குத்தான் ஒன்று ஞானமாகவும் மற்றொன்று நோயாகவும் தெரிகிறது.

நெடுவழி எழுதியது:

ஐயா, உங்கள் எடுத்துக்காட்டுகள் கூர்மையானவை. ஆயினும் அவை நிறுவுவதாக நீங்கள் நினைப்பதை அவை நிறுவவில்லை. மூளையில் ஓர் ஏற்பி தூண்டப்படுவதால் ஓர் அனுபவம் எழுகிறது என்பதால் அது பொய்யாகிவிடாது. நான் இந்த வரியைப் படிப்பதும் மூளையில் நடக்கும் வேதிவினைதான்; அதனால் இந்த வரி இல்லாததாகிவிடுமா? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற 36 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சைலோசைபின் அனுபவத்தைத் தம் வாழ்வின் மிகப் பொருள் பொதிந்த ஐந்து அனுபவங்களுள் ஒன்றாகக் குறித்தார்கள். குழந்தை பிறந்ததோடும் பெற்றோர் இறந்ததோடும் அதை ஒப்பிட்டவர்கள் உண்டு. பல மாதங்கள் கழித்தும் அந்த மதிப்பீடு குறையவில்லை. டர்ப்பன்டைன் வாடையைக் காட்டி இதை ஒதுக்கிவிட முடியாது.

மேலும், இந்த உரையாடல் முழுவதும் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வகங்களையே சுற்றுகிறது. மெக்சிகோவின் வாஹாகா மலைப்பகுதியில் வாழும் மசாட்டெக் மக்கள் இந்தக் காளானை நோய் தீர்க்கும் இரவுச் சடங்கில் உண்டார்கள். அங்கே காளான் பேசுவது, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு என்ன செய்வது, காணாமற்போனவர் எங்கே இருக்கிறார் என்பன போன்ற கேள்விகளைப் பற்றி. 1955-இல் ஊவாவுட்லா என்ற ஊரில் மரியா சபினா என்ற மூதாட்டி நடத்திய சடங்கில் கலந்துகொண்ட நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசன், 1957-இல் லைஃப் இதழில் அதை எழுதினார். அதன் பின் அயலார் கூட்டம் கூட்டமாக வந்து குவிந்தார்கள். காவல்துறையும் வந்தது, ஊராரின் சினத்துக்கு ஆளாகிய அந்த மூதாட்டியின் வீடு எரிக்கப்பட்டது. வந்தவர்கள் கடவுளைத் தேடி வந்தார்கள் என்றும், தம் மக்கள் நோய் தீரவே அதை உண்டார்கள் என்றும் அவர் பிற்காலத்தில் வருந்தியதாகப் பதிவு உண்டு. உண்மையா பொய்யா என்ற கேள்வியே சடங்கை இழந்தவர்களின் கேள்வி என்பது என் கருத்து.

மனநலத்துறையான் எழுதியது:

நெடுவழி அவர்களே, மரியா சபினாவைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. அதே காளான் மசாட்டெக் குடிசையில் நோயின் காரணத்தையும், பாஸ்டன் ஆலயத்தில் கிறிஸ்துவையும் காட்டுகிறது. உண்பவரின் மனநிலையும் சூழலும் அனுபவத்தை வடிவமைக்கின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்று ஏறக்குறைய கருத்து வேறுபாடே இல்லை. அப்படியானால் காளான் கொண்டுவருவது செய்தியை அல்ல. ஏற்கெனவே மனத்தில் இருப்பதன் மீது ஏறும் கனத்தையே. நீங்கள் படிக்கும் வரியை நானும் படித்துச் சரிபார்க்க முடியும். ஒருவர் காளானில் கண்டதை இன்னொருவர் எப்படிச் சரிபார்ப்பது?

கோட்டுரு எழுதியது:

நான் கணிதத் துறை. காட்சிகளைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். கார்முகில் வடிவங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டார். எனக்கோ இந்தத் துறையிலேயே மிக உறுதியான விளக்கம் கிடைத்திருப்பது அவற்றுக்குத்தான் என்று தோன்றுகிறது.

1920-களில் ஹைன்ரிக் குளூவர் மெஸ்கலின் உட்கொண்டு கண்டவற்றைத் தொகுத்தபோது, ஆளுக்கு ஆள் கதை மாறினாலும் அடிப்படை வடிவங்கள் நான்கே என்று கண்டார்: சுரங்கம் அல்லது புனல், சுருள், தேன்கூடு போன்ற கட்டம், சிலந்தி வலை. ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியிலும், மூடிய கண்களை அழுத்தும்போதும் இவற்றுள் சில தோன்றுவதுண்டு. எனவே இவை மெஸ்கலினில் இருப்பவை அல்ல. பார்க்கும் கருவியில் இருப்பவை.

1979-இல் பார்ட் எர்மென்ட்ரூட், ஜாக் கோவன் ஆகிய இருவரும் இதற்குக் கணிதம் எழுதினார்கள். விழித்திரையில் விழும் பிம்பம் மூளையின் பார்வைப் புறணிக்குச் செல்லும்போது, உலக உருண்டையைத் தாளில் விரிப்பது போல, ஒரு குறிப்பிட்ட விதிப்படி உருமாறுகிறது. நடுப்பார்வைக்கு மிகப் பெரிய இடமும் ஓரப்பார்வைக்குச் சிறிய இடமும் கிடைக்கின்றன. மடக்கைச் சார்பு அதை ஏறத்தாழ விவரிக்கிறது. இந்த மாற்றத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். புறணியில் நேர்கோட்டுப் பட்டைகளாக நரம்பணுக்கள் கிளர்ந்தால், அந்தப் பட்டைகள் ஓடும் திசைக்கேற்ப, பார்ப்பவருக்கு ஒருமைய வட்டங்களாகவோ மையத்திலிருந்து விரியும் கதிர்களாகவோ சுருளாகவோ தோன்றும். அமைதியாக இருக்கும் நரம்பணு வலையில் கிளர்ச்சிக்கும் தடுப்புக்கும் இடையிலான சமநிலை குலைந்தால், தானாகவே எழக்கூடிய எளிய ஒழுங்குகள் பட்டைகளும் அறுகோணங்களும்தான் என்பதைச் சமன்பாடுகள் காட்டுகின்றன. பேருண்மைக்குச் செல்லும் வழி என்று பலரும் விவரிக்கும் அந்த ஒளிச் சுரங்கம், பார்வைப் புறணியின் வரைபடம்.

நெடுவழி அவர்கள் இதைத் தம் கட்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாகத் தன்னைக் காட்டாமல் உலகைக் காட்டும் கருவி, அந்த ஒரு பொழுதில் தன்னையே காட்டுகிறது. அது பொய்க்காட்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண்டது எதை என்பதில் கண்டவருக்குத் தவறு நேர்கிறது.

கார்முகில் எழுதியது:

கோட்டுரு அவர்களின் பதிவை இருமுறை படித்தேன், நன்றி.

ஒரு ஐயம். ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸும் கார்ல் ஃபிரிஸ்டனும் 2019-இல் முன்வைத்த கருதுகோளைப் படித்தேன். மூளை எப்போதும் உலகைப் பற்றிய ஊகங்களோடு காத்திருக்கிறது. நான், என் உடல், காலம் போன்ற உயர்மட்ட ஊகங்கள், கீழிருந்து வரும் புலன் செய்திகளை அடக்கி ஒழுங்குபடுத்துகின்றன. இந்தப் பொருள்கள் அவ்வூகங்களின் பிடியைத் தளர்த்துவதால் புலன்களும் நினைவுகளும் கட்டற்று மேலெழுகின்றன என்பது அதன் சாரம். ‘நான்’ கரைந்துபோவதற்கும், மூளையின் இயல்புநிலை வலையமைப்பு (தன்னைப் பற்றி எண்ணும்போது இயங்கும் பகுதிகள்) குலைவதாக வரும் படப்பதிவுகளுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் எல்லா நம்பிக்கைகளும் தளர்கின்றன என்றால், மிஞ்ச வேண்டியது தயக்கம் அல்லவா? தளர்ச்சியின் நடுவே இவ்வளவு இறுக்கமான உறுதி எப்படிப் பிறக்கிறது?

மனநலத்துறையான் எழுதியது:

அந்தக் கருதுகோளின் மிக நொய்ந்த இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். முழு விடை எவரிடமும் இல்லை. நான் சாய்வது இந்தப் பக்கம்: உறுதி என்பதை நாம் சிந்தனையின் முடிவு என்று கருதிப் பழகிவிட்டோம், நரம்பியலில் அது ஓர் உணர்ச்சியாகவே நடந்துகொள்கிறது. வலிப்பு நோயில் அரிதான ஒரு வகை உண்டு. வலிப்பு தொடங்கும் சில நொடிகளில் நோயாளிக்குப் பேரானந்தமும், எல்லாம் விளங்கிவிட்டது என்ற தெளிவும் ஏற்படும். ஜெனீவாவைச் சேர்ந்த ஃபாபியென் பிகாரும் அவருடைய சக ஆய்வாளர்களும், அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் அத்தகைய ஒரு நோயாளியின் மூளையில் முன் இன்சுலா என்ற பகுதிக்கு மின்தூண்டல் கொடுத்தபோது அதே பரவச உணர்வு எழுந்ததாக 2013-இல் பதிவுசெய்தார்கள். அங்கே எந்த நம்பிக்கையும் ஆராயப்படவில்லை. எந்த முடிவும் எட்டப்படவில்லை. மின்சாரம் பாய்ந்தது, அவ்வளவே.

எனவே ஊகங்கள் தளரும்போது அவற்றைச் சரிபார்க்கும் பணியும் தளர்கிறது. ஆனால் ‘கண்டுகொண்டேன்’ என்னும் உணர்ச்சி தளர்வதில்லை, சொல்லப்போனால் பொங்குகிறது. அந்த நேரத்தில் மனத்தில் எது மிதக்கிறதோ அதன் மீது அது படிந்துவிடுகிறது. தந்தையை மன்னித்துவிடலாம் என்ற எண்ணத்தின் மீது படிந்தால் நன்று. பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கண்காணிக்கிறார் என்ற எண்ணத்தின் மீது படிந்தால், அப்படி எண்ணியவர் என் மருத்துவமனைக்கு வருகிறார்.

தென்றல்_மதுரை எழுதியது:

ஐயா, வணக்கம். இங்கே நடப்பது பெரிய விவாதம். என் கேள்வி வீட்டுக் கேள்வி. என் தம்பி மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறான். சைலோசைபின் ஒரே தடவையில் மனச்சோர்வைத் தீர்த்துவிடும் என்று காணொளிகளைப் பார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டுக் காளான் வாங்கப் போகிறேன் என்கிறான். எங்கள் சித்தப்பா ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. திட்டினால் கேட்க மாட்டான், படித்தவன். அவனுக்கு என்ன சொல்வது?

மனநலத்துறையான் எழுதியது:

தென்றல் அம்மா, படித்தவர் என்றால் ஆய்வுகளையே அவர் முன் வைக்கலாம்.

அவர் கேள்விப்பட்டது முழுப் பொய் அன்று. 2022-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், வழக்கமான மருந்துகளுக்கு இசையாத மனச்சோர்வு உடைய 233 பேர் பங்கேற்றனர். 25 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு, பெயரளவிலான 1 மில்லிகிராம் பெற்றவர்களை விட மூன்று வாரங்களில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. ஆனால் அதிக அளவு பெற்றவர்களிலும் நூற்றுக்கு 37 பேருக்கே நோய் பாதியாகக் குறைந்தது. பன்னிரண்டு வாரம் வரை அந்தப் பயன் நிலைத்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். தற்கொலை எண்ணம் தலைதூக்கியவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 59 பேரிடம் சைலோசைபினையும் எஸ்சிட்டாலோபிராம் என்ற வழக்கமான மனச்சோர்வு மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வில், முதன்மை அளவுகோலின்படி இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அடுத்து, உங்கள் தம்பியைப் போன்றவர் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டிருக்கவே மாட்டார் என்பதைச் சொல்லுங்கள். குடும்பத்தில் நெருங்கிய உறவினருக்கு மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தால் பெரும்பாலான ஆய்வுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்; மறைந்திருக்கும் மனப்பிறழ்வை இப்பொருள்கள் வெளிக்கொணரக்கூடும் என்ற அச்சமே காரணம். சித்தப்பா இரண்டாம் நிலை உறவினர் ஆயினும் நான் துணிய மாட்டேன். ஆய்வில் பங்கேற்பவருடன் பயிற்சி பெற்ற இருவர் பல மணி நேரம் உடனிருப்பார்கள்; முன்னும் பின்னும் அமர்வுகள் உண்டு. காணொளியில் காட்டப்படுவது மருந்தை மட்டுமே.

மாத்திரையைத் திடீரென நிறுத்துவது தனி ஆபத்து. தலைச்சுற்றல், பதற்றம், நோய் திரும்புதல் எல்லாம் நேரும். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதனோடு இப்பொருள்கள் சேர்ந்து வலிப்பு வந்ததாகப் பல பதிவுகள் உள்ளன. சிலருக்குப் போதை தெளிந்த பின்னும் பார்வையில் புள்ளிகள், நகரும் பொருளின் பின்னால் வால் போன்ற தடங்கள் மாதக்கணக்கில் நீடிக்கும் கோளாறும் ஏற்படுகிறது. எல்.எஸ்.டி. என்று விற்கப்படும் ஸ்டாம்பில் என்-போம் வகைப் பொருள்கள் இருக்கலாம், எல்.எஸ்.டி.யை விட அவை உடலுக்கு மிக நச்சானவை, உயிரிழப்புகளும் பதிவாகியுள்ளன.

தம்பியின் மாத்திரை போதவில்லை என்பதே அவர் சொல்ல வருவதாக எனக்குப் படுகிறது. மருத்துவரிடம் அதைச் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றலாம். உளவழி சிகிச்சையைச் சேர்க்கலாம். உடனே பேச வேண்டுமென்றால் அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

வழக்குமன்றம் எழுதியது:

சட்டத்தைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் எல்.எஸ்.டி.க்குச் சிற்றளவு 2 மில்லிகிராம். வணிக அளவு 0.1 கிராம். அந்த வணிக அளவை மிஞ்சினால் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டுக் கடுங்காவல். மருந்து ஊறிய தாளின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுவதா என்பது நீதிமன்றங்களில் வாதிடப்பட்டிருக்கிறது. சேர்த்தால் மிகச் சில ஸ்டாம்புகளே ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தாளின் எடையை வைத்து நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீளத் தாமாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு 64ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. இதைப் பலரும் அறியாமல் மருத்துவமனைக்குப் போகவே அஞ்சுகிறார்கள்.

நெடுவழி எழுதியது:

தென்றல் அவர்களுக்கு மருத்துவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சடங்கு இல்லாத இடத்தில் காளான் மட்டும் வந்து சேர்வதைத்தான் நானும் எதிர்க்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் சோதனைகளில் நலம்பெற்றவர்களுள், ஆழ்ந்த அனுபவம் அடைந்தவர்களே அதிகம் நலம்பெற்றார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் குணப்படுத்துவது மூலக்கூறா, அனுபவமா? அனுபவம்தான் என்றால், அதை வெறும் உணர்ச்சிப் பொங்கல் என்று ஒதுக்கிவிட்டு அதன் பயனை மட்டும் எடுத்துக்கொள்வது எப்படி?

வேதிவள்ளி எழுதியது:

நெடுவழி அண்ணா, எங்கள் துறை இப்போது சண்டையிட்டுக்கொண்டிருப்பதே இதில்தான். ஒரு தரப்பு, மாயக்காட்சி வெறும் பக்கவிளைவு என்கிறது. 2018-இல் டேவிட் ஆல்சன் குழு, எல்.எஸ்.டி., டி.எம்.டி. போன்றவை ஆய்வகத்தில் வளர்த்த நரம்பணுக்களில் புதுக் கிளைகளையும் இணைப்புகளையும் வளரச் செய்வதைக் காட்டியது. அந்த வளர்ச்சிதான் மருந்து என்றால், காட்சியை நீக்கிய மூலக்கூறு ஒன்றை உருவாக்கிவிடலாம். அதற்கான முயற்சிகள் நடக்கின்றன. அது இயலாத ஒன்றல்ல. பார்க்கின்சன் நோய்க்குப் பயன்பட்ட லிசூரைடு, அதே எர்காட் குடும்பம், அதே 5-எச்டி2ஏ ஏற்பியில் ஒட்டி அதைத் தூண்டுவதும்கூட, ஆனால் எல்.எஸ்.டி. தருவது போன்ற காட்சியைத் தருவதில்லை.

மறு தரப்பு உங்களுடையது. அதற்கு ஆழ்ந்த அனுபவமும் நலனும் சேர்ந்தே வருகின்றன என்ற எண்கள் துணை நிற்கின்றன. ஆனால் அந்த எண்களில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. கால் மில்லிகிராமே மிதிவண்டியைப் பறக்க வைக்கும் துறையில், தனக்குக் கிடைத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்பதைப் பங்கேற்பாளர் ஏறக்குறைய எப்போதும் கண்டுபிடித்துவிடுகிறார். எம்.டி.எம்.ஏ. என்ற மற்றொரு போதைப்பொருளைக் கொண்ட சிகிச்சையை 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்க மறுத்ததைச் சுற்றி எழுந்த வாதங்களிலும் இந்தச் சிக்கல் முன்னே நின்றது. இத்தனைக்கும் நடுவே ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபினை எழுதித் தரலாம் என்று வாசலைத் திறந்துவிட்டது.

அனுபவத்தையே அகற்றிவிட்டு மருந்தை மட்டும் கொடுத்துப் பார்க்கும் வழி ஒன்று உண்டு. நான் முதலில் சொன்ன இரண்டாம் குடும்பத்துக் கெட்டமினைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டில் அதைச் செய்தார்கள். முடிவு 2023-இல் வெளிவந்தது. வேறு காரணத்துக்காக அறுவை சிகிச்சைக்கு வந்த, மனச்சோர்வும் உடைய 40 பேர். எல்லாருக்கும் வழக்கமான முழு மயக்கம். அந்த மயக்கத்தின் போதே பாதிப் பேருக்குக் கெட்டமினும் பாதிப் பேருக்கு வெற்று உப்புநீரும் ஏற்றப்பட்டன. யாரும் எதையும் காணவில்லை, உணரவில்லை. யாருக்கு எது என்று விழித்த பின் அவர்களால் சொல்லவும் முடியவில்லை. இரு குழுவினரின் மனச்சோர்வும் பெருமளவு குறைந்தது. குழுக்களிடையே வேறுபாடு இல்லை. எது ஏற்றப்பட்டிருக்கும் என்று ஊகிக்கச் சொன்னபோது, தமக்குக் கெட்டமின்தான் ஏற்றப்பட்டது என்று நம்பியவர்களே அதிகம் தேறியிருந்தார்கள். அவர்களுக்கு உண்மையில் ஏற்றப்பட்டது எதுவாக இருந்தபோதிலும்.